4 நிமிடம் 23 வினாடி: தானியங்கி கைவிட்ட ஓர் இரவின் நிகழ்வு ஆய்வு

புதிய மென்பொருள் ஒன்று வேலைக்குள் நுழையும்போது நமக்குத் தரப்படும் பயிற்சி பெரும்பாலும் ஒரே அச்சுதான். எந்த மெனுவில் என்ன இருக்கிறது, எந்தப் பட்டனை அழுத்தினால் அறிக்கை வரும், கடைசியில் பத்துக் கேள்வி, ஒரு சான்றிதழ், முடிந்தது. அந்த மென்பொருள் ஒருநாள் பாதி வேலையில் கையை விரித்தால் நாம் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு பக்கம்கூட இருக்காது. குழுவில் புதிதாகச் சேர்பவர்களைத் தயார்செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது நானும் இரண்டு வருடம் இதே அச்சில்தான் ஓட்டினேன். அப்புறம் எங்களுக்கே ஓர் அடி விழுந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குப் பிறகு முதல் வகுப்பை நான் மென்பொருளில் இருந்து ஆரம்பிப்பதில்லை, ஒரு விமான விபத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

விமானம் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். மனிதரும் தானியங்கியும் ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்வதில் விமானத்துறைக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது, தவறு நடந்தால் வினாடிவாரியாகப் பதிவும் இருக்கிறது. அலுவலகத் தவறுக்குக் கறுப்புப் பெட்டி கிடையாது. ஒருவர்மேல் ஒருவர் பழிபோடும் மின்னஞ்சல் சங்கிலிதான் மிஞ்சும்.

நடந்தது

2009 மே 31 இரவு ரியோ டி ஜெனீரோவில் இருந்து பாரிஸுக்கு ஏர் பிரான்ஸ் 447 கிளம்பியது. ஏர்பஸ் ஏ330 ரகம், பயணிகளும் ஊழியர்களுமாக 228 பேர். மூன்று விமானிகள் இருந்தார்கள். நீண்ட பயணத்தில் முறைவைத்து ஓய்வெடுப்பது வழக்கம் என்பதால், அட்லாண்டிக்கின் நடுவில் கேப்டன் எழுந்து படுக்கப் போனார். காக்பிட்டில் இரண்டு துணை விமானிகள், 35,000 அடி உயரம், விமானத்தைத் தானாக ஓட்டும் கணினி அமைப்பான ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

உலகப் பொது நேரப்படி ஜூன் 1 அதிகாலை 2 மணி 10 நிமிடம் 5 வினாடிக்கு ஆட்டோபைலட் தானாகவே விலகிக்கொண்டது. காரணம் சின்னதுதான். விமானத்தின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய்கள், எதிரே வந்து மோதும் காற்றின் அழுத்தத்தை அளந்துதான் விமானத்தின் வேகத்தைச் சொல்கின்றன. அவற்றில் பனிப்படிகங்கள் அடைத்துக்கொண்டன. வெவ்வேறு குழாய்கள் வெவ்வேறு வேகத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், எதை நம்புவது என்று தெரியாத கணினி பொறுப்பை மனிதரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. என்ஜின் விசையைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பும் கூடவே விலகியது, வழக்கமாக விமானியின் பிழையைத் தடுத்து நிறுத்தும் சில பாதுகாப்புகளும் போய்விட்டன.

இதில் முக்கியமான விஷயம், அந்த வினாடியில் விமானத்துக்கு வேறு எந்தக் கோளாறும் இல்லை. என்ஜின்கள் ஓடுகின்றன, இறக்கைகள் நன்றாக இருக்கின்றன, விமானம் சமமாகப் பறந்துகொண்டிருக்கிறது. வேகமானி மட்டும்தான் பொய் சொல்கிறது, அதுவும் ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. இப்படி ஒரு சூழ்நிலைக்கு எழுதிவைத்த நடைமுறையும் உண்டு: வேகத்தை நம்பாதே, மூக்கின் கோணத்தையும் என்ஜின் விசையையும் தெரிந்த அளவில் பிடித்து வை, விமானம் பறக்கும். இதே கோளாறு அதற்கு முன்பே வேறு விமானங்களுக்கும் வந்து, அவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்த வகைக் குழாயை மாற்றும் திட்டம்கூட ஓடிக்கொண்டிருந்தது, இந்த விமானத்துக்கு இன்னும் முறை வரவில்லை.

கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்ட துணை விமானி கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். மூக்கு மேலே எழுந்தது. விமானம் கிட்டத்தட்ட 38,000 அடி வரை ஏறியது, ஏற ஏற வேகம் கரைந்தது. ஒரு கட்டத்தில் இறக்கைகள் விமானத்தைத் தாங்க முடியாத நிலை வந்தது. விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான், மூக்கைக் கீழே இறக்குவது. "ஸ்டால், ஸ்டால்" என்று எந்திரக் குரல் மொத்தம் 75 தடவை எச்சரித்தது. அதில் ஒருமுறை 54 வினாடி இடைவிடாமல். காக்பிட் ஒலிப்பதிவில் அந்த எச்சரிக்கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோபைலட் விலகிச் சுமார் ஒன்றரை நிமிடம் கழித்து கேப்டன் ஓடிவந்தார். அவரும் என்ன நடக்கிறது என்று பிடிபடாமல்தான் நின்றார். மூக்கு மேல்நோக்கியபடியே நிமிடத்துக்குப் பத்தாயிரம் அடிக்கும் மேலான வேகத்தில் விமானம் கடலில் விழுந்தது. ஆட்டோபைலட் விலகியதில் இருந்து பதிவு நிற்கும் வரை 4 நிமிடம் 23 வினாடி. யாரும் பிழைக்கவில்லை.

பதிவுக் கருவிகள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் 3,900 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. 2011 மே மாதம் மேலே எடுத்தார்கள். பிரான்ஸின் விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ தன் இறுதி அறிக்கையை 2012 ஜூலையில் வெளியிட்டது.

முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது

வகுப்பில் இதைச் சொல்லி முடித்ததும் வரும் முதல் கருத்து, "இவ்வளவு எச்சரிக்கை வந்தும் கவனிக்காத விமானிகளா?" என்பதுதான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அறிக்கையைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல நா எழவில்லை.

அந்த ஸ்டால் எச்சரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். அளவிடப்படும் வேகம் 60 நாட் (knot), அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டருக்குக் கீழே போனால், இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் என்று உணரிகள் தருவதைக் கணினி செல்லாது என்று ஒதுக்கிவிடும், எச்சரிக்கையும் நின்றுவிடும். அதாவது நிலைமை மிக மோசமாக இருக்கும்போது அமைதி. விமானி சரியான காரியத்தைச் செய்து மூக்கைக் கொஞ்சம் இறக்கினால் வேகம் ஏறும், கணினி மறுபடி நம்ப ஆரம்பிக்கும், "ஸ்டால்" என்று கத்தும். சரியாகச் செய்தால் திட்டு, தவறாகச் செய்தால் மௌனம். இப்படி ஒரு கருவிக்கு முன்னால் நள்ளிரவில் யார் உட்கார்ந்திருந்தாலும் குழம்பத்தான் செய்வார்கள். போதாததற்கு, ஏ330-இல் இருவரின் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. ஒருவர் இழுப்பது மற்றவரின் கைக்குத் தெரியாது. ஒரே கோப்பை இரண்டு பேர் திறந்துவைத்து, எதிர் எதிராகத் திருத்தியது போல.

ஆனால் என்னை உலுக்கியது வேறொரு வரி. அந்தத் துணை விமானிகளுக்கு அதிக உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சியோ, அந்த உயரத்தில் வேகமானி பொய் சொல்லும்போது செய்ய வேண்டிய நடைமுறைக்கான பயிற்சியோ தரப்படவில்லை என்று அறிக்கை பதிவுசெய்கிறது. ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்தவர்கள் இவர்கள். அந்த மணிகளில் பெரும்பகுதி ஆட்டோபைலட் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மணிகள். இன்னொரு முரணும் உண்டு. 29,000 முதல் 41,000 அடி வரை விமானங்களுக்கு இடையே உயர இடைவெளி ஆயிரம் அடிதான் என்பதால், உயரத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் அமைப்பு அங்கே பறக்கக் கட்டாயம். ஆக, எந்த உயரத்தில் ஒருநாள் கையால் ஓட்ட நேர்ந்ததோ, அந்த உயரத்தில் கையால் ஓட்டிப் பழக நடைமுறையில் வாய்ப்பே இல்லை. வேலை தானாகச் சொல்லித்தரும் என்று நாம் நம்பியிருக்கிறோம் அல்லவா, இந்தத் திறனை வேலை சொல்லித்தரவே முடியாது. தனியாக நேரம் ஒதுக்கினால்தான் உண்டு.

இதை விபத்துக்குப் பிறகு யாரோ கண்டுபிடித்தார்கள் என்றும் இல்லை. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே எழுதிவிட்டார். தானியங்கியை வடிவமைப்பவர் எளிதான வேலைகளை எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, தனக்கே தீர்வு தெரியாத மிச்சத்தை மனிதரிடம் தள்ளிவிடுகிறார். அந்த மனிதரோ அன்றாடப் பழக்கம் இல்லாமல் திறனை இழந்துகொண்டிருக்கிறார். சும்மா கண்காணித்துக்கொண்டு இரு என்று சொல்வதும் உதவாது. ரேடார் திரையைப் பார்ப்பவர்களை முன்வைத்து 1940-களில் நார்மன் மாக்வொர்த் செய்த சோதனைகளில், அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரிவது தெரிந்துவிட்டது.

இன்னொரு விமானம்

அதே 2009-இல், ஜனவரி 15 அன்று, நியூயார்க்கில் கிளம்பிய ஏர்பஸ் ஏ320 ஒன்று சுமார் 2,800 அடி உயரத்தில் வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு என்ஜின்களின் விசையையும் இழந்தது. கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர் மூன்றரை நிமிடத்துக்குள் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், அதில் நான் சொல்ல விரும்புவது ஒரு சிறு செயலை மட்டும். விமானத்தின் வால்பகுதியில் ஏபியு என்று ஒரு துணை மின் எந்திரம் உண்டு. என்ஜின்கள் போன உடனே அவர் அதை ஓடவிட்டார். சரிபார்ப்புப் பட்டியலில் அந்த வேலை வெகு பின்னால்தான் வருகிறது. அந்தப் பட்டியலோ 20,000 அடிக்கு மேலே இருக்கும் விமானத்தை மனதில் வைத்து எழுதியது, முழுக்கப் படித்து முடிக்கவே அவர்களுக்கு நேரம் கிடையாது. ஏபியு ஓடியதால் மின்சாரம் தடைபடவில்லை, கணினியின் பாதுகாப்புகள் கடைசி வரை உடன் இருந்தன. எந்தக் கருவி எதைச் சார்ந்து நிற்கிறது என்று உள்ளே தெரிந்து வைத்திருந்த ஒருவர்தான் பட்டியலின் வரிசையை இப்படி மீற முடியும். அவர் தானியங்கியை ஒதுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அதற்கு உயிர்கொடுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது நியாயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று பட்டப்பகல், என்ஜின் நின்றது யாருக்கும் தெரியும். மற்றது இருட்டு, என்ன போனது என்பதே புதிர். நான் இதைச் சொல்வது வீரத்தை அளப்பதற்கு அல்ல, "சிஸ்டம் தெரியும்" என்பதற்கும் "திரை தெரியும்" என்பதற்கும் உள்ள இடைவெளியைக் காட்டத்தான்.

எங்கள் அடி

இப்போது எங்கள் கதை. பல இடங்களில் இருந்து வரும் இருப்புக் கணக்குகளை ஒன்றுசேர்த்து, தினமும் காலையில் ஓர் அறிக்கையாகத் தரும் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எங்களிடம் இருந்தது. முன்பு அதை ஒருவர் அரைநாள் உட்கார்ந்து செய்வார், ஸ்கிரிப்ட் நாற்பது வினாடியில் முடித்துவிடும். ஒருநாள் ஓர் இடத்தில் மென்பொருளை மாற்றினார்கள், அங்கே இருந்து வரும் கோப்பில் தேதி நாள்-மாதம் என்பதற்குப் பதில் மாதம்-நாள் என்று வர ஆரம்பித்தது. 12-ஆம் தேதி வரையிலான வரிகளை ஸ்கிரிப்ட் சந்தோஷமாக வேறு மாதக் கணக்கில் போட்டது. 13-ஆம் தேதி முதலானவற்றைத் தேதியாகவே படிக்க முடியவில்லை, ஆகவே சத்தம் இல்லாமல் தூக்கி எறிந்தது. படிக்க முடியாத வரியை விட்டுவிடு என்ற விதியை எழுதியவன் நான்தான், பிழைச்செய்தி வந்து தொல்லை தரக் கூடாது என்று. ஏர்பஸ் எச்சரிக்கையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா என்று அவ்வப்போது தோன்றும்.

மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. எண்கள் வந்தன, வரைபடங்கள் அழகாக இருந்தன. கண்டுபிடித்தது, முன்பு அதைக் கையால் செய்துகொண்டிருந்த மூத்த அக்கா. வேறு பிரிவுக்குப் போய்விட்டவர், எதற்கோ அறிக்கையைத் திறந்தவர், "இந்த நேரத்தில் இவ்வளவு குறையாதே" என்றார். சரிபார்க்கச் சொன்னபோதுதான் இன்னொரு உண்மை வெளிவந்தது. ஸ்கிரிப்ட் இல்லாமல் அந்தக் கூட்டுத்தொகையைப் போடத் தெரிந்தவர் குழுவில் ஒருவர்கூட இல்லை. எந்தக் கோப்பு எங்கே இருந்து வருகிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் எல்லாரும் அந்தக் கருவியில் சான்றிதழ் வாங்கியவர்கள்.

செய்து பார்த்தவை

முதலில் செய்தது சொதப்பியது. மாதத்தில் ஒருநாள் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு எல்லாரும் கையால் செய்வது என்று வைத்தோம். இரண்டாவது மாதமே அது சடங்காகிவிட்டது. நாள் தெரியும் என்பதால் முதல் நாள் மாலையே கோப்புகளைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தார்கள். நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தின் ஸ்டீபன் கேஸ்னர் குழு 2013-இல் இதையே விமானிகளிடம் காட்டியிருக்கிறது: விமானத்தைப் போலவே இயங்கும் பயிற்சி எந்திரமான சிமுலேட்டரில் எப்போதும் வருகிற மாதிரி கோளாறு வந்தால் மளமளவென்று கையாள்கிறார்கள், அதே கோளாறு எதிர்பாராமல் வந்தால் தடுமாறுகிறார்கள்.

அதே கேஸ்னரின் 2014 ஆய்வுதான் எங்கள் வழியை மாற்றியது. 16 விமானிகளை 747 சிமுலேட்டரில் தானியங்கி இல்லாமல் ஓட்டச் சொன்னார்கள். கையின் பழக்கம் பெரிதாகக் கெடவில்லை, கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். கெட்டிருந்தது தலைக்குள் நடக்கும் வேலை: இப்போது எங்கே இருக்கிறோம், அடுத்த படி என்ன, எந்தக் கருவி பழுது என்று தொடர்ந்து கணக்கு வைத்துக்கொள்வது. தானியங்கி ஓட்டும்போதும் மனதளவில் கூடவே ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது அவ்வளவாகக் கெடவில்லை. இதைப் படித்ததும் கையால் செய்யும் நாளை ஒழித்துவிட்டேன். எங்களுக்குக் குறைந்திருந்தது கூட்டல் போடும் பழக்கம் இல்லை, எந்திரத்துக்கு முன்னால் ஓர் எதிர்பார்ப்போடு உட்காரும் பழக்கம்.

ஆகவே இப்போது வைத்திருப்பது எளிமையானது. அறிக்கையைத் திறக்கும் முன், இன்று என்ன எண் வரும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு தாளில் எழுத வேண்டும். தப்பாக இருந்தால் பரவாயில்லை, தப்பாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ஒன்று எழுதி, திரையில் வேறொன்று வரும்போது, ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. முன்பு திரையில் வந்ததைப் பார்த்துத் தலையாட்டுவோம். செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்த பிறகு இதையே அங்கேயும் நீட்டித்தோம். கேள்வியைத் தட்டும் முன் உங்கள் பதிலை இரண்டு வரி எழுதுங்கள், பிறகு கேளுங்கள். எந்திரத்தின் பதில் கோர்வையாகவும் தன்னம்பிக்கையாகவும் இருக்கும், அதை முதலில் படித்துவிட்டால் நம் சொந்தக் கருத்து என்னவாக இருந்தது என்பதே மறந்துபோகும். இந்தப் பழக்கம் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. வேகத்துக்காகத்தானே கருவி, அதற்கு முன்னால் எழுதிக்கொண்டிருந்தால் என்ன லாபம் என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். தினமும் எல்லா வேலைக்கும் வேண்டாம், தப்பானால் வலிக்கும் வேலைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, பேசுவது. 447-இல் 75 எச்சரிக்கைக்கும் ஒருவர்கூட "இது ஸ்டாலா?" என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. எங்கள் குழுவில் ஏதாவது உடைந்தால், திரையைத் தொடும் முன் ஒருவர் மூன்று விஷயத்தைச் சொல்ல வேண்டும்: எனக்கு என்ன தெரிகிறது, எது தெரியவில்லை, இப்போது யார் கையில் இருக்கிறது. முதலில் நாடகம் போல இருந்தது. இரண்டு பேர் ஒரே சர்வரை மாற்றி மாற்றி நிறுத்தித் தொடங்கிய ஒரு மதியத்துக்குப் பிறகு யாரும் சிரிப்பதில்லை.

கடைசியாக, சொல்லாமல் கோளாறு வைப்பது. பயிற்சிச் சூழலில் எப்போதாவது ஒரு கோப்பைக் கெடுத்து வைப்பேன், ஒரு நெடுவரிசையை இடம் மாற்றுவேன், நேற்றைய கோப்பையே இன்றைய பெயரில் போடுவேன். முதல் தடவை நாலு பேரில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காதவரைப் பற்றி எந்தக் குறிப்பும் எழுதுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் அடுத்த தடவை எல்லாரும் சந்தேகப்பட்டே வேலையை நிறுத்திவிடுவார்கள்.

விமானத்துறை பக்கம் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 ஜனவரியில், வாய்ப்புள்ள இடங்களில் விமானிகளைக் கையால் ஓட்டவிடுங்கள் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் கொண்டுவந்த விதி, முழு ஸ்டாலில் இருந்து மீளும் பயிற்சியைச் சிமுலேட்டரில் கட்டாயமாக்கியது. நிறுவனங்களுக்கு 2019 மார்ச் வரை அவகாசம் தந்தார்கள். அங்கேயே இவ்வளவு மெதுவாகத்தான் நகர்கிறது.

போன மாதம் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். கையில் அவள் எண் எழுதிய தாள். "ஓர் இடத்துக் கணக்கு ரெண்டு நாளா ஒரே மாதிரி இருக்கு. நான் எழுதினதுக்கும் இதுக்கும் ஒத்து வரலை. இது நீங்க வச்சதா?" என்று கேட்டாள். அந்த வாரம் நான் எதையும் வைத்திருக்கவில்லை. அவள் காட்டியது பயிற்சிச் சூழலும் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, "சரி, என்ன தெரியுது, என்ன தெரியலை, சொல்லு" என்றேன்.